கேட்டலும் அகமௌனமும்

ஐம்பொறிகளுள் கண்ணுக்கு இமை உண்டு. வாய்க்கு இதழ் உண்டு. செவிக்கு மூடி இல்லை. உறங்கும்போதும் அது திறந்தே கிடக்கின்றது. அதனாற்போலும், கேட்டல் என்பது முயற்சி வேண்டாத எளிய தொழில் என உலகத்தார் கருதிவிடுகின்றனர். பேசுதற்குப் பயிற்சி வேண்டும், எழுதுதற்குப் பயிற்சி வேண்டும் என ஒப்புக்கொள்வோரும் கேட்டற்குப் பயிற்சி வேண்டும் என எண்ணுவது அரிது. எனினும், ஒரு வகுப்பிலே ஆசிரியர் ஒருவர் கூறிய பொருளை நாற்பது மாணவர் கேட்டு, நாற்பது வகையாகக் கொண்டு செல்லுதல் நாடோறும் காணப்படுவதே. ஒலி அனைவர் செவியிலும் ஒருங்கே பட்டது. பொருள் மட்டும் ஒருங்கே சேரவில்லை. இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது என ஆராய்வார்க்குக் கேட்டலின் மெய்யியல்பு புலனாகும்.

இவ்வாராய்ச்சிக்குத் தமிழ்மொழியே ஒரு வாயிலைத் திறந்து வைத்துள்ளது. 'கேள்' என்னும் சொல் வினையாய் நிற்குமிடத்துச் செவியால் ஏற்றலையும் உணர்த்தும், வினாவுதலையும் உணர்த்தும். 'கேள்வி' என்பது வினாவுக்கும் பெயர். கற்றாரிடத்துக் கேட்டுப் பெற்ற அறிவுக்கும் பெயர். 'கேள்' என்பது பெயராய் நிற்குமிடத்து உறவு, நட்பு என்னும் பொருளைத் தரும். கேளிர் என்பார் சுற்றத்தார். இம்மூன்றும் பிறப்பால் ஒரு சொல்லே எனத் துணிதல் ஈண்டு வேண்டா. ஆயினும் ஏற்றல், வினாவல், உறவாதல் ஆகிய மூன்றும் ஓர் ஒலிவடிவின் நிழலில் ஒருங்கு நிற்றல் சிந்திக்கத்தக்கது. மெய்யாகக் கேட்டவனே மெய்யாக வினாவ வல்லன்; அவ்விரண்டும் நிகழுமிடத்தே உறவு தோன்றும். திருவள்ளுவர் கல்வியை 40 ஆம் அதிகாரத்தும், கேள்வியை 42 ஆம் அதிகாரத்தும், அறிவுடைமையை 43 ஆம் அதிகாரத்தும் வைத்த முறையும் நோக்கத்தக்கது. கல்வியினின்று அறிவுடைமைக்குச் செல்லும் வழி கேள்வியினூடாகவே செல்கின்றது.

இனி, செவியின் தொழில் யாது, உள்ளத்தின் தொழில் யாது எனப் பிரித்துக் காண்டல் வேண்டும். காற்றிலே வரும் ஒலியலை செவிப்பறையை அசைக்கின்றது. அவ்வசைவை மூன்று சிற்றெலும்புகள் உட்செவிக்குக் கடத்துகின்றன. ஆங்கே நத்தையின் ஓடுபோலச் சுருண்ட உறுப்பொன்றினுள் ஏறக்குறைய 15,000 மயிர்க்கலங்கள் உள்ளன. அவை அவ்வசைவை நரம்புத் துடிப்பாக மாற்ற, அது மூளையைச் சென்றடைகின்றது. இத்துணையும் உடலின் தொழில். இதனோடு கேட்டல் முடிந்துவிடுவதில்லை என்பதை ஆங்கில அறிஞர் கொலின் செரி என்பார் 1953 இல் வெளியிட்ட ஆய்வொன்று நன்கு விளக்குகின்றது. அவர் ஒருவருடைய இரு செவிகளிலும் இருவேறு உரைகளை ஒரே நேரத்தில் ஒலிக்கச்செய்து, ஒரு செவியில் வரும் உரையை மட்டும் உடனுக்குடன் வாய்விட்டுச் சொல்லுமாறு பணித்தார். சோதனைக்குட்பட்டோர் அதனைச் செய்தனர். பின்னர், மற்றைச் செவியில் வந்த உரை யாது என வினாவியபோது அவர்கள் அதன் பொருளைச் சிறிதும் கூற வல்லராகவில்லை. இடையிலே அவ்வுரை வேறொரு மொழிக்கு மாறியதைத்தானும் அவர்கள் உணரவில்லை. ஆண் குரல் பெண் குரலாக மாறியமை போன்ற ஒலி வேறுபாடுகளே அவர்களுக்குப் புலனாயின. செவி இரண்டும் பழுதின்றித் தொழில் செய்தன. ஒலி இரண்டும் உட்சென்றன. உள்ளம் எதனிடத்து நின்றதோ அதுவே கேட்கப்பட்டது.

இச்சோதனையிலே போட்டியிட்டவை புறத்திலிருந்து வந்த இரண்டு குரல்கள். ஆனால் அமைதியான அறையொன்றில் ஒருவர் மட்டும் பேச, மற்றொருவர் வாய்மூடி அமர்ந்திருக்கும்போதும் கேட்டல் தவறுகின்றதே. அங்கே போட்டியிடும் இரண்டாவது குரல் யாருடையது? அது கேட்பவனுடைய குரலே. வாய் மூடியிருப்பினும் அவன் உள்ளே பேசிக்கொண்டிருக்கின்றான்.

இவ்வுட்பேச்சைச் சைவ சித்தாந்த நூல்கள் நுணுகி ஆராய்ந்துள்ளன. வாக்கு என்பதை அவை சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நான்காகப் பகுக்கும். வைகரி புறத்தே ஒலித்துப் பிறர் செவிக்கு எட்டுவது. மத்திமை, எழுத்தும் சொல்லும் முறைப்பட அமைந்து, தன் உள்ளுணர்வுக்கு மட்டும் புலனாய், பிறர் செவிக்கு எட்டாது நிற்பது. பைசந்தி எழுத்துக்களின் வேறுபாடு தோன்றாது ஒடுங்கிய நிலை. மயிலின் பல நிறமும் அதன் முட்டையின் நீரில் வேறுபாடின்றி ஒடுங்கிக் கிடத்தலை இதற்கு உவமையாகக் கூறுவர். சூக்குமை அதனினும் நுண்ணியது. உருசிய உளவியலறிஞர் வைகொட்ஸ்கி, 1934 இல் வெளிவந்த தமது நூலில், குழந்தை விளையாடும்போது தனக்குத்தானே உரக்கப் பேசும் பேச்சே நாளடைவில் ஒலியடங்கி உட்பேச்சாக மாறுகின்றது என விளக்கினார். இருவர் நெறியும் நோக்கமும் வேறு. எனினும் வாய் மூடியபின்னும் பேச்சு நிற்பதில்லை என்பதில் இருவரும் உடன்படுகின்றனர். ஆகவே வாய்மூடுதல் வைகரியை நிறுத்துதல் மாத்திரமே. மத்திமை ஓயாது ஒலிக்குமாயின் அது மௌனம் எனப்படாது. உள்ளே ஒலிக்கும் இப்பேச்சு அடங்கிய நிலையே ஈண்டு அகமௌனம் என்று கூறப்படுகின்றது.

இவ்வுட்பேச்சுக்கு வேண்டிய ஓய்வு நேரமும் கேட்பவனிடத்து நிரம்ப உண்டு. அமெரிக்காவில் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரால்ஃப் நிக்கல்ஸ் என்பார் கேட்டலைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். 1957 இல் வெளியான அவர்தம் எழுத்துக்கள், ஒருவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 125 சொற்கள் வீதம் பேச, கேட்பவர் எண்ணமோ அதனினும் மிக விரைந்து ஓடுகின்றது எனக் காட்டுகின்றன. சொல் நடந்து வருகின்றது. எண்ணம் குதிரையேறிச் செல்கின்றது. இடையில் எஞ்சிய நேரத்தில் உள்ளம் வேறெங்கோ சென்று மீள்கின்றது. மீளும்போது சில சொற்கள் கடந்துபோய்விடுகின்றன. பேச்சொன்றைக் கேட்டு முடித்த அக்கணத்திலேயே அதில் ஏறக்குறையப் பாதியே சராசரி மனிதர் நினைவில் நிற்கின்றது என்பதும் அவர் கண்ட முடிபு.

உட்பேச்சு எவற்றைப் பேசுகின்றது என ஆராயின் அது பெரும்பாலும் மூன்று வகையில் அடங்கும். முதலாவது மறுமொழி. எதிரே இருப்பவர் பேசி முடிக்குமுன் தான் கூறவேண்டியதை ஒழுங்கு செய்தல் அது. இரண்டாவது தீர்ப்பு. 'இது முன்பே தெரிந்தது', 'இது தவறு', 'இவர் இப்படித்தான் பேசுவார்' என முடிவு கட்டுதல் அது. மூன்றாவது விருப்பம். தான் கேட்க விரும்பியதை மட்டும் பொறுக்கி எடுத்து, ஏனையவற்றைத் தள்ளிவிடுதல் அது. இம்மூன்றனுள் விருப்பமே மிகக் கொடியது. மறுமொழியும் தீர்ப்பும் கேட்பவனுக்கே ஒருவாறு தெரியும். விருப்பமோ கேட்ட பொருளின் வேடத்தையே புனைந்து வருதலின் அதனைக் கண்டறிதல் அரிது. மூன்றற்கும் வேர் 'யான்' என்னும் முனைப்பே. என் மறுமொழி, என் தீர்ப்பு, என் விருப்பம் என யாண்டும் அதுவே முன்வந்து நிற்கின்றது. சைவ சித்தாந்திகள் அகமௌனத்தை வெறும் மனப்பயிற்சியாகக் கொள்ளாது, ஆணவத்தின் அடக்கத்தோடு இயைத்துப் பேசுதற்குக் காரணம் இதுவே.

கேளாமையால் விளையும் கேடு சிறிதன்று. மருத்துவத்துறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு வருமாறு: 1984 இல் அமெரிக்க அறிஞர்களான பெக்மன், ஃபிராங்கல் என்போர், வைத்தியரும் நோயாளரும் சந்தித்த 74 சந்திப்புக்களின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தனர். தம் குறையை முதற்கண் முழுமையாகச் சொல்லி முடிக்க நோயாளருக்கு வாய்ப்புக் கிடைத்த சந்திப்புக்கள் நூற்றுக்கு 23 வீதமே. இடைமறிக்கப்பட்ட ஏனையோர் பேசத்தொடங்கிச் சராசரி 18 செக்கனில் மறிக்கப்பட்டனர். அவர்களுள் தாம் விட்ட இடத்துக்கு மீண்டு சொல்லி முடித்தவர் மிக அரியர். அவ்வைத்தியர்கள் அறிவிற் குறைந்தவர்களல்லர். அன்பற்றவர்கள் எனக் கொள்ளுதலும் பொருந்தாது. நோயாளர் கூறிய முதலாவது குறை செவியிற் பட்டதும் அவர்தம் உள்ளத்தில் வினாக்கள் எழுந்துவிட்டன. எழுந்த வினாக்கள் வாய்வழியே வந்துவிட்டன. ஆனால் முதலாவதாகக் கூறப்படும் குறையே முதன்மையான குறை என்பதற்கு உறுதியில்லை. அச்சத்தை உண்டாக்குவதையும் நாணத்தை உண்டாக்குவதையும் மனிதர் இறுதியிலேயே சொல்லத் துணிவர். அதற்குள் மறிக்கப்பட்டவர் அதனைத் தம்மோடு வீட்டுக்கே கொண்டு செல்கின்றார். வைத்தியருக்கும் நோயாளருக்கும் இடையில் நிகழும் இதுவே கணவனுக்கும் மனைவிக்கும், தந்தைக்கும் மகனுக்கும், ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலும் நிகழ்கின்றது. ஆங்கே ஒலிப்பதிவு செய்வார் இலர்.

ஈண்டு ஒரு தடை எழும். உட்பேச்சை அடக்குக என்றால் ஆராய்ச்சியையும் அடக்குக என்றதாகாதா? தன் தீர்ப்பை ஒதுக்கிவைத்துக் கேட்பவன் சொல்வார் சொல்லுக்கெல்லாம் அடிமையாகிவிடானா? இத்தடை வன்மையானது. அறிவு ஆராய்ச்சியையே உயிராகக் கொண்ட கல்லூரி மாணவர் இதனை எளிதிற் கைவிடார், கைவிடுதலும் ஆகாது. இதற்கு விடையாகச் சாந்தோக்கிய உபநிடதத்தின் எட்டாம் அத்தியாயத்திலுள்ள இந்திர விரோசனர் வரலாறு அமைகின்றது.

மூப்பு, இறப்பு, துயர், பசி, தாகம் என்பன அற்றது ஆன்மா. அதனை அறிந்தவன் எல்லா உலகங்களையும் எல்லா விருப்பங்களையும் எய்துவான் எனப் பிரசாபதி கூறியமையைத் தேவரும் அசுரரும் கேள்வியுற்றனர். தேவரிடத்திருந்து இந்திரனும் அசுரரிடத்திருந்து விரோசனனும் கையிற் சமித்தோடு பிரசாபதியை அடைந்து, 32 ஆண்டுகள் பிரமசரியம் காத்து நின்றனர். கண்ணிலே காணப்படும் புருடனே ஆன்மா என்றார் பிரசாபதி. நீரிலும் கண்ணாடியிலும் காணப்படுபவன் யாவன் என அவர்கள் வினாவினர். நீர் நிறைந்த கலத்திலே பார்க்குமாறு அவர் பணித்தார். அணிகளும் நல்லாடையும் புனைந்து மீண்டும் பார்க்குமாறு பணித்தார். புனைந்த கோலமே நீரிலும் தோன்றிற்று. இருவரும் மனநிறைவோடு விடைபெற்றுச் சென்றனர். விரோசனன் அசுரரை அடைந்து, உடம்பே ஆன்மா, உடம்பையே போற்றுக என உபதேசித்தான். அவன் ஒருவன் தவறாகக் கேட்டமையால் ஒரு குலமே அத்தவற்றைக் கொள்கையாகக் கொண்டது. இந்திரனோ தேவரை அடையுமுன் வழியிலேயே ஐயுற்றான். உடம்பு அணிபெற நிழலும் அணிபெறுமாயின், உடம்பு குருடாக அதுவும் குருடாகும்; உடம்பு அழிய அதுவும் அழியும்; இதிற் பயன் யாது எனச் சிந்தித்து, சமித்தோடு மீண்டான். மேலும் 32 ஆண்டுகள், பின்னும் 32 ஆண்டுகள், இறுதியில் 5 ஆண்டுகள், ஆக 101 ஆண்டுகள் அவன் பிரசாபதியிடம் வதிந்தான் என்கின்றது உபநிடதம். கனவுநிலை பற்றிய உபதேசத்தையும் ஆழ்ந்த உறக்கநிலை பற்றிய உபதேசத்தையும் பெற்றபின்னும் அவன் ஐயுற்றே திரும்பி வந்தான்.

இவ்விருவருள் சொல்வார் சொல்லுக்கு அடிமையானவன் யாவன்? ஐயமின்றி ஏற்றுச் சென்ற விரோசனன் எனத் தோன்றும். ஆழ்ந்து நோக்கின், அவன் பிரசாபதியின் சொல்லை ஏற்கவேயில்லை. உடம்பின்மேல் தனக்கிருந்த விருப்பத்தின் சொல்லையே பிரசாபதியின் வாய்ச்சொல்லாகக் கேட்டுக்கொண்டான். இந்திரனும் முதலில் அவ்வாறே மனநிறைவோடு சென்றவன்தான். வழியிலே அம்மகிழ்ச்சி சற்று அடங்கியபோது, மூப்பும் இறப்பும் அற்றது ஆன்மா என்று பிரசாபதி முதற்கண் கூறியது அவனுள்ளே மீண்டும் ஒலித்தது எனக் கொள்ளுதல் பொருந்தும். அதனோடு நீர்நிழல் முரணியது. முரண்பட்டபோது அவன் அம்முரணை மூடி மறையாது அதனையும் கேட்டான். பிரசாபதியின் முன்னிலையில் 32 ஆண்டுகள் இருந்தும் நிகழாத கேட்டல், தனிவழியிலே சில கணத்தில் நிகழ்ந்தது. ஆகவே அகமௌனம் ஐயத்துக்குப் பகையன்று. மெய்யான ஐயம் பிறக்கும் இடமே அது. உள்ளத்தில் ஆரவாரம் மிக்கவன் தான் கேளாத ஒன்றையே மறுக்கின்றான், அல்லது தான் கேளாத ஒன்றையே ஏற்கின்றான்; இரண்டும் ஒன்றே.

ஆராய்ச்சியை ஒழித்தல் நம் முன்னோர் கருத்தன்று என்பதும், அதற்குரிய இடத்தை வரையறுத்தலே அவர் கருத்து என்பதும் நூல்களால் தெளிவாகும். சிவஞான சித்தியார் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என ஞானத்தை நான்கு படியாகக் கூறும். சிந்தித்தல் உண்டு, ஆனால் அது கேட்டலுக்குப் பின்னே நிற்கின்றது. கேட்கும்போதே சிந்திக்கத் தொடங்குபவன் கேட்டலையும் இழந்து, சிந்தித்தற்குரிய பொருளையும் இழக்கின்றான். நன்னூலின் பொதுப்பாயிரம் பாடங்கேட்கும் மாணாக்கனுக்கு விதித்த ஒழுங்கும் இதுவே. நீர்வேட்கை உற்றவனைப் போன்ற ஆர்வமும், ஓவியப் பாவை போன்ற அடக்கமும் அவனுக்கு வேண்டும் என்கின்றார் பவணந்தி முனிவர். ஆர்வம் உள்ளதாயின் அசைவு இருக்கும்; அடக்கம் உள்ளதாயின் மந்தம் இருக்கும் என நினைப்பது உலகியல்பு. இவ்விரண்டையும் ஒருவனிடத்தே ஒருங்கு வேண்டியமையால் அவர் கருதிய அடக்கம் மந்தமன்று என்பது பெறப்படும். அவ்வாறு கேட்டபின், கேட்டதை உள்ளத்து இருத்திப் போற்றுதலும், உடன்பயில்வாரோடு ஆராய்தலும், ஐயங்களை வினாவுதலும் அவனுக்குக் கடனாக வகுக்கப்பட்டன. மாணாக்கரை வகைப்படுத்துமிடத்து, கடைமாணாக்கருக்கு அவர் கூறிய உவமைகளுள் எருமையும் நெய்யரியும் ஈண்டு நினைக்கத்தக்கன. எருமை தான் பருகவேண்டிய நீரையே கலக்குகின்றது. நெய்யரி நல்ல நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைத் தன்னிடத்து நிறுத்துகின்றது. முன்னையது உட்பேச்சால் பாடத்தைக் குழப்புபவன் இயல்பு. பின்னையது குற்றம் ஒன்றையே தேடிக் கேட்பவன் இயல்பு.

மாற்றார் கருத்தைக் கேட்டலிலேதான் அகமௌனம் கடுஞ்சோதனைக்கு உள்ளாகின்றது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதியாக இயற்றினார். தம் சித்தாந்தத்தைக் கூறும் சுபக்கத்துக்கு முன்னே பரபக்கத்தை வைத்து, உலகாயதம் முதலிய பிற சமயத்தாரின் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, முதலில் அவரவர் கூற்றாக உரைத்து, பின்னரே மறுத்துச் செல்கின்றார். மறுத்தற்கு முன் எடுத்துரைத்தல் வேண்டும். எடுத்துரைத்தற்கு முன் கேட்டிருத்தல் வேண்டும். இதனையொத்த ஒரு முறையை அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் ரொஜர்ஸ் 1951 இல் உரையொன்றிற் கூறினார். விவாதம் கடுமையாகும்போது, ஒருவர் தம் கருத்தைக் கூறுமுன், முன்னர்ப் பேசியவரின் எண்ணத்தையும் உணர்வையும் அவரே 'ஆம்' என ஒப்புக்கொள்ளுமாறு எடுத்துரைத்தல் வேண்டும். அதன் பின்னரே தாம் பேசலாம் என்பது அம்முறை. கூறுதற்கு எளிது, செய்து பார்ப்பார்க்கே இதன் அருமை விளங்கும். மாற்றார் கருத்தை உள்ளே புகவிட்டால் தாம் மாறிவிடக்கூடும் என்னும் அச்சமே இதற்குப் பெருந்தடை என அவரே குறிப்பிட்டார். கேட்டலுக்கு அமைதியோடு துணிவும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

யாழ்ப்பாணத்துச் சைவ மக்கள் இக்கேட்டலை ஒரு வழிபாடாகவே போற்றி வந்துள்ளனர். கோயில் மண்டபத்திலே கந்தபுராணம் படனஞ் செய்யப்படும்போது ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்வார். ஊரவர் சூழ இருந்து கேட்பர். 1847 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே சைவப் பிரசங்கத்தைத் தொடங்கியதும், கேட்டலில் ஏற்கெனவே பயின்றிருந்த இம்மக்களிடையேதான். புராணபடனத்தைக் கேட்க வருவோருக்குக் கதை புதியதன்று. சூரபன்மன் மயிலும் சேவலும் ஆவான் என்பது சிறுவரும் அறிந்ததே. அறிந்த கதையை ஆண்டுதோறும் கேட்பதேன் என ஒருவர் வினாவலாம். அடுத்து நிகழ்வது யாது என்னும் பரபரப்பு நீங்கியவிடத்தே சொல்லின் பொருள் ஆழ்ந்து இறங்குகின்றது என்பதே விடை. சென்ற ஆண்டு சூரனின் வீழ்ச்சியைக் கேட்டவர், இவ்வாண்டு தம் உள்ளத்துச் செருக்கின் கதையைக் கேட்கின்றார். செய்யுள் மாறவில்லை, கேட்பவர் உள்ளம் சற்று அமைந்திருக்கின்றது. அதே மண்டபத்திலே, பயன் சொல்பவர் பிழைக்கும் இடத்தைப் பிடிப்பதற்கென்றே ஏடுங் கையுமாய் இருப்பவரும் இருக்கக்கூடும். அவர் பிழையைக் கேட்டுச் செல்வார், புராணத்தைக் கேட்டிலர்.

இம்மண்டபத்துக் காட்சி மற்றோர் உண்மையையும் உணர்த்துகின்றது. ஆங்கே மணியோசை உண்டு, குழந்தைகள் அழுவதுண்டு, வீதியிற் செல்வோர் இரைச்சலும் உண்டு. எனினும் கேட்டல் நிகழ்கின்றது. புறத்தமைதி துணையாகலாம், அது இன்றியமையாததன்று. முழுமையான புறத்தமைதி கிட்டுதலும் அரிது. அமெரிக்க இசையறிஞர் ஜோன் கேஜ் 1951 அளவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலே எதிரொலி சிறிதும் எழாதவாறு அமைக்கப்பட்ட அறையினுட் சென்றபோது, ஆங்கும் இரண்டு ஒலிகளைக் கேட்டதாகக் கூறினார். அவை தம் உடம்பினுள்ளே எழுந்தவை என அறிந்தார். அவ்வாறே வாய்மூடியிருத்தல் எல்லாம் மௌனமாகாது. சினத்தாற் பேசாதிருத்தல் உண்டு. அச்சத்தாற் பேசாதிருத்தல் உண்டு. பிறரை மதியாமையாற் பேசாதிருத்தலும் உண்டு. இவை வாயில் அடைத்த ஆரவாரங்கள்.

அங்ஙனமாயின் அகமௌனத்தை அடைதல் எவ்வாறு? எண்ணத்தை எண்ணத்தால் அடக்க முயலுதல் கலங்கிய நீரைக் கையால் அழுத்தித் தெளிவிக்க முயலுதல் போன்றது. கை பட்டவிடமெல்லாம் மேலுங் கலங்கும். கேட்கும்போது ஒரு மறுமொழி எழுந்தால் அதனோடு போரிடவும் வேண்டா. அதன் பின்னே செல்லவும் வேண்டா. அது எழுந்தது என அறிந்து, பேசுபவர் சொல்லிடத்து மீளுதலே போதியது. நூறுமுறை விலகின் நூறுமுறை மீளுதல் வேண்டும். மெய்யாகவே பயனுடைய மறுமொழியாயின் அது பின்னரும் வரும். கிணற்று நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையைப் பயன்படுத்துதல் தமிழர் வழக்கம். உள்ளத்துக்கு அத்தகைய தேற்றாங்கொட்டை ஒன்று உண்டாயின் அது பேசுபவர்மேல் வைக்கும் அன்பே. நோயுற்ற குழந்தையின் மூச்சொலியைக் கேட்டிருக்கும் தாய்க்கு மௌனம் பயிற்றுவார் எவருமிலர். அக்குழந்தை முதன்மை பெற்றது; அதனால் அவளுள்ளே 'யான்' தானே அடங்கிற்று.

கேட்டலின் இந்நெறி முடிவில் எங்கே சென்று சேரும் என்பதைத் தட்சிணாமூர்த்தி வடிவம் காட்டுகின்றது. சனகர், சனந்தனர், சனாதனர், சனற்குமாரர் ஆகிய முனிவர் நால்வரும் வேதங்களை ஓதியும் மனம் அடங்கப்பெறாது இறைவனை அடைந்தனர். சரியை, கிரியை, யோகங்களைச் சொல்லால் விளக்கிய இறைவன், ஞானத்தை விளக்குமிடத்து வாய்திறவாது மோன நிலையில் அமர்ந்தான் எனக் கந்தபுராணம் கூறும். இக்காட்சியைக் காண்போர் இறைவனுடைய மௌனத்தையே வியப்பர். முனிவருடைய மௌனமும் வியக்கத்தக்கதே. ஓதிய வேதமெல்லாம் உள்ளே ஒலித்துக்கொண்டிருந்தமையாலன்றோ அவர்க்கு அமைதி வாய்க்கவில்லை? அவ்வொலியும் அடங்கியபோதே சொல்லில்லாத உபதேசம் அவருக்குக் கேட்டது. சொல்லுக்கு அப்பாற்பட்டதைக் கேட்டற்கு வேண்டிய அமைதியும், அயலவன் துயரைக் கேட்டற்கு வேண்டிய அமைதியும் தன்மையால் வேறல்ல, அளவாலேயே வேறு.

எல்லோரும் அம்முனிவர் நிலையை எய்துதல் கூடாதாயினும் அதன் முதற்படி எல்லோர்க்கும் எட்டுவதே. கைத்தொலைபேசி ஓயாது அழைக்கும் இந்நாளில், ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றொருவர் உள்ளும் புறமும் காத்திருத்தல் அரிய கொடையாகிவிட்டது. அக்கொடைக்குப் பொருட்செலவு இல்லை. வகுப்பிலே ஆசிரியர் முன்னும், விவாத மேடையிலே மாற்றார் முன்னும், வீட்டிலே ஒரே கதையைப் பத்தாவது முறை சொல்லும் முதியோர் முன்னும் அதனைப் பழகலாம். பத்தாவது முறையும் அவர் அதனைச் சொல்வதற்குக் காரணம், ஒன்பது முறையும் அது கேட்கப்படாமையாக இருக்கலாம்.